பாதத்தில் நின்று பார்க்கவும்

திரை மாளிகையைக் கடை என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வந்துவிடும். எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன். வாசல் காவலாளிகூட முகத்தைச் சுளித்தார். "இது கடை இல்ல சார், பார்வை நிறுவனம்," என்றார். நாலு மாடியிலும் டிவியைத் தவிர வேறொன்றும் விற்பதில்லை. அதையும் விற்பதில்லையாம், பரிந்துரைக்கிறார்களாம். பணத்தை மட்டும் கடையில் கட்டுவது போலவே கட்ட வேண்டும்.

இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். அடங்கட்டும் என்று காத்திருந்தால் அவர்கள்மேல் பரிதாபம் வந்து தொலைக்கும். அதற்கு இடம் கொடுப்பதாக இல்லை.

என் மனைவி கைப்பந்து ஆட்டத்தில் கோட்டு நடுவர். மைதானத்தின் மூலையில் கொடியோடு நின்று, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்பவள். பதினைந்து வருடமாகச் சொல்கிறாள், ஒருமுறைகூடத் தவறியதில்லை. வீட்டிலும் அப்படித்தான், தவறியதெல்லாம் நான்தான். ஒரு நாள் ஆட்டம் முடிந்து, நடுவர் ஏறி நிற்கும் உயர மேடையைக் கழற்ற உதவப் போனவள், அதன் மேலிருந்தே விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பில் முறிவு. எட்டு வாரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டிலின் கால்மாட்டில் இரும்புச் சட்டம், அதில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் ஒரு நுனியில் எடைக்கல், மறுநுனியில் அவள் வலது கால். சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். கட்டிலை ஒரு விரற்கடைகூட நகர்த்தக் கூடாது. தலையை மட்டும் இடப்பக்கம் திருப்பலாம்.

அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் பழைய டிவி உயிரை விட்டது. பெட்டி போன்ற டிவி அது. எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும்.

டிவி இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் மனைவியின் தங்கை, என் மச்சினி, அந்த மாதம்தான் முதன்முதலாகப் பெரிய போட்டியில் ஆட இருந்தாள். அத்தனை ஆட்டமும் டிவியில் வரும். அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவள் என் மனைவி. பின்பக்கச் சுவரில் கரிக்கோடு போட்டு, பந்தை அதற்கு மேலே அடிக்கக் கற்றுக்கொடுத்தவள். "மைதானத்துக்குப் போக முடியாதுன்னு ஆயிடுச்சு. அவ ஆடுறதை டிவியிலயாவது பார்த்துடணும்ங்க," என்றாள். அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்று கேட்டது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

எங்கள் அறையில் டிவி வைக்க ஒரே சுவர்தான் உண்டு. கட்டிலிலிருந்து பார்த்தால் திரை பக்கவாட்டில்தான் தெரியும். ஆகவே எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற டிவி எது?

திரை மாளிகையில் டோக்கன் கொடுத்தார்கள். நானூற்றுப் பதினேழு. காத்திருக்கும் கூடத்தில் மூன்று பக்கமும் பெஞ்சு போட்டிருந்தார்கள். கழிவறைக் கதவுக்கு மேலே ஒரு பழைய டிவி தொங்கியது. அதில்தான் டோக்கன் எண் வரும். நான் கடைசி பெஞ்சின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தும் அதன் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. எனக்கு இது கண்ணில் படாமல் போகாது. பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது என் வேலை. ஒரு டின்னுக்கு ஒரு சொட்டு நீலம் கூடிப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன். பேசாமல் இதையே கேட்டால் என்ன என்று அப்போதே தோன்றியது. தோன்றியதைச் செய்யாததற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இரண்டு மணி நேரம் கழித்து என் எண் வந்தது. வரவேற்பு ஆலோசகர் என்ற பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். தலைப்பு 'பார்வை வரலாறு'. சின்ன வயதில் என்ன டிவி பார்த்தேன், யாரோடு பார்த்தேன், பார்க்கும்போது அழுததுண்டா, அழுதிருந்தால் எந்தக் கண்ணில் முதலில் நீர் வந்தது.

"மேடம், பக்கத்துல இருந்து பார்த்தா தெரியுற டிவி எதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்," என்றேன்.

"அது அஞ்சாவது கட்டம் சார். நீங்க இன்னும் முதல் கட்டத்தையே தாண்டல," என்று வருத்தமாகச் சொன்னாள்.

முதல் கட்டம் நிற்பது. ஒவ்வொரு டிவிக்கும் ஒரு தடுப்பறை. ஒவ்வொரு தடுப்பறையிலும் டிவிக்கு நேர் எதிரே, தரையில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு பாதங்கள் வரைந்திருந்தார்கள். சுவரில் பலகை: 'பாதத்தில் நின்று பார்க்கவும்.' நின்றேன். படம் பிரமாதமாக இருந்தது. சரி, நம் கேள்விக்கு நாமே பதில் கண்டுபிடித்துக்கொள்வோம் என்று ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தேன். விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடிவந்தார்.

"சார், பாதத்துல நில்லுங்க!"

"பக்கத்துல இருந்து எப்படித் தெரியுதுன்னு பார்க்கிறேங்க."

"அப்படிப் பார்த்தா வேற மாதிரி தெரியும் சார். அதனாலதான் பாதம் போட்டிருக்கோம்."

அந்த நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது கட்டம் கறுப்பு. டிவியின் தரம் அதன் கறுப்பில்தான் இருக்கிறதாம். அதற்கென்றே ஒரு கறுப்பு நிபுணர். என்னையும் இன்னும் ஆறு பேரையும் ஓர் இருட்டறைக்குள் கூட்டிப்போய், காலில் துணியுறை மாட்டச் சொல்லி, ஒரு திரைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

"பாருங்க," என்றார் மெல்லிய குரலில். "இது வெறும் கறுப்பு இல்ல. நிசப்தம். உங்க மனசுக்குள்ள இறங்கும். அவசரப்படாதீங்க, இறங்க விடுங்க."

பத்து நிமிடம் பார்த்தோம். ஓர் அம்மாள் தனக்கு இறங்கிவிட்டது என்றார். அவர் கணவரும் தனக்கு லேசாக இறங்குகிறது என்றார். எங்கள் கடையில் ஒன்பது விதக் கறுப்பு உண்டு. இது அதில் எதுவும் இல்லை என்று எனக்குப் பட்டது. கையைத் தூக்கினேன்.

"சார், டிவி ஆஃப்ல இருக்கு."

கறுப்பு நிபுணர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பரிதாபம். அதற்குள் வெளியே யாரோ, "கரன்ட் போய் கால் மணி நேரம் ஆச்சு, இன்னும் யாரும் ஜெனரேட்டரைப் போடலையா?" என்று கத்துவது கேட்டது. அவர் அசரவில்லை. என் படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டார். அந்த அம்மாளுக்குக் கைகொடுத்தார்.

கடைசியாக என்னைத் தலைமைப் பார்வை ஆலோசகரின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவருடைய கண்கள் நிறுவனத்தின் சொத்தாம், வீணாக எதையும் பார்க்கக் கூடாதாம். அவருடைய நாற்காலிக்கு முன்னால்கூடத் தரையில் இரண்டு பாதங்கள் இருந்தன. அதில் நின்றுகொண்டேன்.

"சார், எல்இடின்னா என்ன?" என்று ஆரம்பித்தார். "பின்னாடி ஒரு விளக்கு, முன்னாடி ஒரு திரை. க்யூஎல்இடின்னா என்ன? பின்னாடி ஒரு விளக்கு, நடுவுல கொஞ்சம் கௌரவம், முன்னாடி ஒரு திரை. ஓஎல்இடில விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். அதுக்கு நம்ம தயவு வேண்டாம். அதனாலதான் அதை நாங்க தடுப்பறையில வைக்கிறதுமில்ல, கண்டவங்களுக்குப் பரிந்துரைக்கிறதுமில்ல."

"பக்கத்துல இருந்து பார்த்தா எது சார் நல்லா தெரியும்? என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருக்கா. அவளால ஒரு பக்கமாத்தான் பார்க்க முடியும்."

"கேள்வியே தப்பு," என்றார். "நேரா நின்னு பார்க்கிறவன்தான் சார் பார்வையாளன். பக்கத்துல இருந்து பார்க்கிறவன் வழிப்போக்கன். வழிப்போக்கனுக்காக நாங்க தொழில்நுட்பம் செய்ய முடியாது."

"ஓஎல்இடில தெரியும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க..."

அவர் என் படிவத்தைப் புரட்டினார். "நீங்க கறுப்புல தேறல. ஓஎல்இடி உங்களுக்குக் கிடையாது."

"அப்ப வெளிய டோக்கன் நம்பர் காட்டுதே, அது மாதிரி ஒண்ணு..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சொத்து மதிப்புள்ள அந்தக் கண்களில் நிஜமான வலி தெரிந்தது. "அது தொழில்நுட்பமே இல்ல சார். அது சும்மா டிவி."

அப்படியாக ஒரு பெரிய க்யூஎல்இடியை என் தலையில் கட்டினார்கள். கூடவே, 'தகுதிக்கேற்ற பார்வை பெற்றவர்' என்று எனக்கு ஒரு சான்றிதழ். வாயைத் திறக்காமல் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்த முட்டாள் நானேதான். வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

டிவியை மாட்டிவிட்டு ஆட்கள் போனார்கள். மனைவி தலையைத் திருப்பிப் பார்த்தாள். செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்தம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? வெளுத்துப்போய் இருக்காங்களே."

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் செய்தி வாசிப்பவர் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தார். கட்டில் பக்கம் வந்து தலையணைக்குப் பக்கத்தில் என் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கறுப்பெல்லாம் சாம்பல். முகமெல்லாம் சுண்ணாம்பு.

மறுநாள் மச்சினியின் முதல் ஆட்டம். அவள் அணிக்கு ஆரஞ்சுச் சட்டை, எதிரணிக்கு மஞ்சள். கட்டிலிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டது போல. பன்னிரண்டு வெளுத்த பெண்கள் ஒரு வெளுத்த பந்தை அடித்தார்கள். "இதுல அவ யாருங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினேன். காட்டுவதற்குள் அவள் ஓடிவிட்டாள். மறுபடி காட்டினேன். பத்து நிமிடம் அப்படி மச்சினியைத் திரையெங்கும் விரலால் துரத்தினேன். அப்புறம் மனைவி, "விடுங்க," என்று சொல்லி முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பு முறிந்து விழுந்தபோதுகூட அழாதவள் அன்று அழுதாள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது. 'யாரையாவது' என்ன, யாரை என்று எனக்குத் தெரியும்.

புகார் கொடுத்தேன். நாலாவது நாள் தலைமைப் பார்வை ஆலோசகரே கையில் நூல், அளவுகோல், கோணமானியோடு வந்து இறங்கினார். என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ பீரோ தவறான இடத்தில் இருப்பது போல. டிவியிலிருந்து நூல் பிடித்து அளந்தார். சரியான பார்வைப் புள்ளி எங்கள் குளியலறைக்குள் போய் விழுந்தது. உடனே பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைப் பாத ஸ்டிக்கரை எடுத்துக் குளியலறைத் தரையில் ஒட்டினார். அதன்மேல் ஏறி, ஷவருக்குக் கீழே நின்றுகொண்டு டிவியைப் பார்த்தார்.

"அற்புதமா இருக்கே," என்றார் அங்கிருந்து. "என்ன குறை இதுல?"

"சார், நான் இங்க இருக்கேன்," என்றாள் மனைவி.

"அதாம்மா பிரச்சினை."

"எழுந்து வந்து பாத்ரூம்ல நிக்க முடிஞ்சா நான் எதுக்கு சார் உங்களைக் கூப்பிடுறேன்?"

"அது மருத்துவத்துறை சம்பந்தப்பட்ட கேள்விம்மா. நான் பார்வைத்துறை." ஷவரிலிருந்து ஒரு சொட்டு அவர் மொட்டைத்தலையில் விழுந்தது. அவர் பாதத்தை விட்டு நகரவில்லை. அங்கேயே நின்று அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

'படம் சரியாக உள்ளது. பார்வையாளர் படுத்திருக்கும் கோணம் சரியில்லை. பாதத்தில் நிற்பவருக்குத் தெரிவதே உண்மையான படம். பாதம் ஒருபோதும் தவறாது.'

அவர் போன பிறகு மனைவி அறிக்கையை இரண்டு முறை படித்தாள். "இதைப் பத்திரமா வைங்க," என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் 'பாதம்' என்று பெயர்.

அடுத்த வாரம் எங்கள் பெயிண்ட் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. திரை மாளிகையின் ஆண்டு விழாவுக்கு நிறுவனத் தலைவர் வருகிறார். தரை முழுவதும் புதுச் சாம்பல் நிறம் அடித்து, பாதங்களைப் புதிதாக வரைய வேண்டும். தலைவரின் காலுக்கேற்ற அளவில், நானே நேரில் போய் வரைய வேண்டும் என்றார் முதலாளி. கடையில் என் கை மட்டும்தான் நடுங்காதாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"எத்தனை பாதம்?"

"ஐம்பத்திரண்டு ஜோடி."

"நூலை எடுத்துட்டு வாங்க," என்றாள். "டிவியில இருந்து என் தலகாணி வரைக்கும் பிடிங்க. நேர்க்கோட்டுல இருந்து எவ்வளவு பக்கவாட்டுல இருக்கேன்னு அளங்க. எனக்கு என்ன கோணமோ அதே கோணம் அவங்களுக்கும்."

"மாட்டிக்கிட்டா?"

"பதினஞ்சு வருஷமா கோடு இருக்க வேண்டிய இடத்துல இருக்கான்னு பார்த்தவ நான். கோட்டை நகர்த்தினா யாரும் கோட்டைச் சந்தேகப்பட மாட்டாங்க. பந்தைத்தான் சந்தேகப்படுவாங்க. போயிட்டு வாங்க."

அவர்களுடைய வார விடுமுறையன்று காலையில் போனேன். முதலில் தரை முழுவதும் சாம்பல் அடித்தாயிற்று. பழைய பாதங்கள் அடியில் மறைந்தன. பிறகு முறையாக, பாதங்கள் எங்கே வர வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஃபோனில் எழுதிக் கேட்டேன். எழுத்திலேயே பதில் வந்தது: 'பாதம் இருக்கும் இடத்தில்.' எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு தடுப்பறையிலும் பாதங்களை இடப்பக்கம் தள்ளி, குதிகால் கிட்டத்தட்டச் சுவரில் இடிக்கும்படி வரைந்தேன். நிறுவனமே கொடுத்த அச்சுத் தகட்டை வைத்து, விளிம்பு சுத்தமாக. தொழிலில் நான் ஒருநாளும் குறை வைத்தவன் இல்லை.

மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சுவரை ஒட்டிப் போய் நின்றார்கள். ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அவர்கள் படத்தைப் பார்ப்பவர்கள் இல்லையே, பாதத்தைப் பார்ப்பவர்கள். கறுப்பு நிபுணர் மட்டும் ஒரு திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கறுப்பு நல்லா பக்குவப்பட்டிருக்கு," என்றாராம். அங்கே டீ கொண்டுபோகிறவர் எனக்குச் சொன்னார்.

விழா நாளன்று நானும் அங்கே இருந்தேன். தலைவரின் செருப்பு பட்டுப் பாதம் அழிந்தால் உடனே திருத்துவதற்காக, கையில் தூரிகையும் வெள்ளை டின்னுமாக ஓர் ஓரத்தில் நிற்கவேண்டும் என்று பாதமே உத்தரவு போட்டிருந்தார். சட்டைப்பையில் அறிக்கையை வைத்திருந்தேன்.

தலைவர் வந்தார். எல்லாத் திரைகளிலும் அவரே பேசும் படத்தை ஓடவிட்டிருந்தார்கள். எல்லா என்றால் எல்லாமும்தான், கழிவறைக் கதவுக்கு மேலே இருந்த டோக்கன் டிவி உட்பட. அவரை முதல் தடுப்பறைக்குள் அழைத்துப் போய்ச் சுவரோரப் பாதத்தில் நிறுத்தினார்கள். தலைவர் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தார். சிரிப்பு மெதுவாக நின்றது.

"இது யாரு?"

"நீங்கதாங்கய்யா," என்றார் பாதம்.

"ஏன் இப்படி இருக்கேன்? நாலு நாள் தண்ணியில கிடந்த மாதிரி?"

அடுத்த தடுப்பறைக்குப் போனார். அங்கேயும் தண்ணீரில் கிடந்தவர்தான். அதற்கடுத்ததிலும் அவர்தான். எட்டாவது தடுப்பறையில் கறுப்பு நிபுணரைப் பார்த்தார். கறுப்பு நிபுணர், முகம் தன் துறையில் வராது என்றார். வரவேற்பு ஆலோசகர், தலைவர் பார்வை வரலாற்றுப் படிவத்தை இன்னும் பூர்த்தி செய்யவில்லை என்பதை நினைவுபடுத்தினாள். எல்லோரும் பாதத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"டிவி கெட்டுப்போச்சா?" என்றார் தலைவர்.

"டிவில குறையே கிடையாதுங்கய்யா. நீங்களே திறந்துவெச்ச மாடல்."

"அப்ப நான் தப்பான இடத்துல நிக்கிறேனா?"

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். தலைவரின் கால்கள் பாதங்களுக்குள் அச்சாகப் பொருந்தியிருந்தன.

"இல்லங்கய்யா. பாதத்துலதான் நிக்கிறீங்க."

நான் தூரிகையை டின்மேல் வைத்துவிட்டு முன்னால் போனேன். "ஐயா, இதுக்குச் சார் ஏற்கெனவே பதில் எழுதிக் கொடுத்திருக்காரு," என்று அறிக்கையை நீட்டினேன்.

தலைவர் அதை உரக்கப் படித்தார். படித்துமுடித்துக் கடைசி இரண்டு வரியை மறுபடியும் படித்தார். 'பாதத்தில் நிற்பவருக்குத் தெரிவதே உண்மையான படம். பாதம் ஒருபோதும் தவறாது.'

"உன் கையெழுத்தா?"

"ஆமாங்கய்யா."

"டிவியும் சரி. பாதமும் சரி. நான் நிக்கிறதும் சரி." தலைவர் திரையைக் காட்டினார். "அப்ப என் மூஞ்சியே இப்படித்தான்கிறியா?"

பாதத்தின் நெற்றியிலிருந்து வியர்வை வடிந்து கறுப்புக் கண்ணாடிக்குள் இறங்கியது. அன்று நான் பார்த்ததிலேயே தெளிவான படம் அதுதான். எனக்குக் கொஞ்சம்கூடப் பரிதாபம் வரவில்லை.

கோபத்தில் கூடத்துக்கு வந்த தலைவர், கடைசி பெஞ்சுப் பக்கம் சட்டென்று நின்றார். கழிவறைக் கதவுக்கு மேலே அவர் நல்ல மாநிறத்தில், சிவந்த உதட்டோடு, கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எங்கே போனாலும் அவர் அவராகவே இருந்தார்.

"இதுல மட்டும் நான் நானா இருக்கேனே! இது என்ன தொழில்நுட்பம்?"

பாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... சும்மா டிவிங்கய்யா."

அந்த நிறுவனம் அதற்கப்புறமும் திருந்திவிடவில்லை, புதுச் சுற்றறிக்கை போட்டது. படுத்திருக்கும் வாடிக்கையாளருக்கென்று 'சயனப் பார்வைப் பிரிவு' தொடங்கினார்கள். அதற்குத் தலைவர் கையாலேயே தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் பாதம். விதி இதுதான்: புகார் வந்த வீட்டுக்கு அதிகாரி நேரில் போய், வாடிக்கையாளர் படுத்திருக்கும் அதே கோணத்தில் தானும் படுத்து, ஒரு முழு நிகழ்ச்சியைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். முதல் புகார் எங்களுடையது. மாற்று டிவியாக நாங்கள் கேட்டது டோக்கன் டிவி. அது பட்டியலிலேயே இல்லாத பொருள் என்பதால், அதைக் கொடுப்பதற்கு விதியும் இல்லை, மறுப்பதற்கு விதியும் இல்லை. வந்து சேர்ந்தது.

பாதம் வந்த நாளை முடிவு செய்தது என் மனைவி. அது இறுதி ஆட்ட நாள். மச்சினியின் ஆரஞ்சு அணிக்கு எதிரே மறுபடியும் அதே மஞ்சள் அணி. இடையில் நடந்த ஆட்டங்களையெல்லாம் என் மனைவி என் வாயால்தான் கேட்டிருந்தாள். எனக்குக் கைப்பந்தில் பந்து எது என்பது மட்டும்தான் தெரியும்.

சுவரில் மேலே க்யூஎல்இடி. அதற்குக் கீழே ஒரு ஸ்டூலில் டோக்கன் டிவி. இரண்டிலும் ஒரே ஆட்டம். டோக்கன் டிவியின் மேல் ஓரத்தில் 'வரிசை எண்' என்ற எழுத்து லேசாகப் பதிந்து நிரந்தரமாக நின்றுவிட்டிருந்தது. "இருக்கட்டும்," என்றாள் மனைவி. "வரிசையில நின்னுதானே வாங்கினோம்." கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய் விரித்தேன்.

"படுங்க சார்," என்றாள்.

பாதம் படுத்தார். டோக்கன் டிவி அவர் கண்ணில் படாமல் நான் நடுவில் ஒரு நாற்காலியில் துணியைத் தொங்கவிட்டேன். அவர் பரிசோதிக்க வேண்டியது அவர் பரிந்துரைத்த டிவியைத்தானே.

"கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க. இன்னும். ஆங், அங்கதான். அசையாதீங்க. எனக்கு எட்டு வாரம். உங்களுக்கு ஒரு ஆட்டம்தான்."

ஆட்டம் ஐந்து செட் போனது. மனைவி தன் தங்கையை முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "அதோ பாருங்க, அவ! முடியை வெட்டிட்டா! என்கிட்ட சொல்லவே இல்ல!" என்று கத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பந்து விழும் ஒவ்வொரு முறையும் மைதானத்துக் கொடி அசையும் முன்னால் "உள்ளே!" "வெளியே!" என்று இவள் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இடையிடையே தரைப் பக்கம் திரும்பி, "சார், இப்ப அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

"ஒரு... பொண்ணும்மா," என்றார் பாதம்.

"எந்த அணி?"

"வெளிறின அணி."

மூன்றாவது செட்டில் அவர் கழுத்தைத் தடவினார். அசையக் கூடாது என்று விதியை நினைவுபடுத்தினேன். நாலாவது செட்டில் முனக ஆரம்பித்தார். தண்ணீர் கொடுத்தேன், படுத்தபடியே குடித்துப் பாதியைச் சட்டையில் விட்டுக்கொண்டார். ஐந்தாவது செட்டின் கடைசிப் புள்ளி. மச்சினி அடித்த பந்து வலையைத் தாண்டி, தடுக்க வந்த கைகளுக்கு மேலே போய்ப் பின்கோட்டில் விழுந்தது. "உள்ளே!" என்று என் மனைவி போட்ட கூச்சலில் கப்பிக் கயிறு ஆடியது. மைதானத்தில் அப்புறம்தான் 'உள்ளே' என்று காட்டக் கொடி கீழே இறங்கியது. மச்சினி முழங்காலிட்டு அழுதாள். இவள் படுத்தபடியே அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், எந்தக் கண்ணில் முதலில் வந்தது என்று கவனிக்கவில்லை.

தரையிலிருந்து பாதம் ஈனசுரத்தில் கேட்டார். "கூச்சல் போடுறாங்களே... எந்த டீம்மா ஜெயிச்சது?"

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையைக் கட்டில் விளிம்புக்குத் திருப்பி, கீழே கிடந்தவரை நிதானமாகப் பார்த்தாள்.

"படம் சரியாத்தான் இருக்கு சார். நீங்க படுத்திருக்கிற கோணம்தான் சரியில்ல."

அவர் அதையும் அறிக்கையில் எழுதிக்கொண்டார்.